விரல் பதியவில்லை என்றால் ஆள் வரவில்லையா?

பினாங்கில், பிறை வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் ஜார்ஜ்டவுன் உணவகங்களுக்கும் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. மாதக் கடைசியில் என்னிடம் அதிகம் வருவது, வேலைக்கு வந்ததைப் பதியும் கைரேகை இயந்திரத் தகராறுதான்.

அண்மையில், ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் அக்கா வந்தார். "தம்பி, நான் ஒரு நாள்கூட லீவு போடல. மூணு நாள் சம்பளத்த வெட்டிட்டாங்க" என்றார். கையை விரித்துக் காட்டச் சொன்னேன். பல வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள். நுனி மழுமழுவென்று இருந்தது. வெடிப்புகள் மட்டும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் இயந்திரம் குறித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் அவை போதுமான அளவு பொருந்தினால் பச்சை விளக்கு. ரேகையே தேய்ந்து போனவருக்கு எதைப் பொருத்துவது? சிமெண்டு குழைப்பவர்களுக்கும் இதே பாடுதான். மாலையில் பதியாவிட்டால் ஒன்றரை மடங்கு ஓ.டி.யும் (கூடுதல் நேரச் சம்பளம்) போய்விடும்.

அந்தக் கடையில் மாற்று விரலும் பதிந்து வைக்கவில்லை, கையெழுத்துப் புத்தகமும் இல்லை. தினமும் அக்காவைப் பார்க்கும் சூப்பர்வைசரே "சிஸ்டத்துல இல்லையே" என்கிறார். தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்றவர் என் அம்மா. கங்காணி எங்கள் பெயரை விட்டுவிட்டால் அங்கேயே நின்று கேட்போம் என்பார். இயந்திரத்திடம் யார் கேட்பது? கடைசியில் சிசிடிவி பதிவைப் பார்த்துத்தான் சம்பளத்தை வாங்கிக் கொடுத்தோம்.

முதலாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் கைரேகை, முகப்பதிவு போன்றவை நம் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நோய் விவரம், சமய நம்பிக்கை இவற்றோடு ஒரே வரிசையில், தனிக் கவனம் வேண்டிய தரவாக வந்துவிட்டன. எதற்காக எடுக்கிறோம், யாரிடம் போகிறது என்று புரியும் மொழியில் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விதிகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ஒரு கடையில் கழற்றிப் போட்ட பழைய இயந்திரத்துக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆள் நின்றதும் பதிவை அழித்துவிடுங்கள்.

அக்கா இப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே நின்று, திரையில் நேரம் தெரிய ஒரு படம் எடுத்து, சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.