ஆக்டிவிஸ்ட்: ஆர்வலரா, செயற்பாட்டாளரா?

ஊர்வசி வைத் 2022 மே மாதம் நியூயார்க்கில் காலமானார். அமெரிக்காவில் பெண்ணுரிமைக்காகவும், தன் பாலினத்தவரிடமே ஈர்ப்பு கொள்ளும் தன்பாலீர்ப்பாளரின் உரிமைக்காகவும் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். அவரைப் பற்றித் தமிழில் ஒரு வரி எழுத உட்கார்ந்தால், பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதிலேயே சிக்கல் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆக்டிவிஸ்ட்’ என்று முடித்துவிடுவார்கள். நம் பத்திரிகைகளிலோ சமூக ஆர்வலர், போராளி, களப்பணியாளர், செயற்பாட்டாளர் என்று நாலைந்து சொற்கள் புழங்குகின்றன.

முதலில் மூலச்சொல். செய்தல், நடத்துதல் என்று பொருள்படும் லத்தீன் வினை ‘ஆகெரே’. அதன் வழியில் வந்தவைதான் ஆக்ட், ஆக்டிவ் எல்லாம். ஆனால் அரசியல் பொருளில் ‘ஆக்டிவிஸ்ட்’டுக்கு வயது நூறைச் சற்றே தாண்டியிருக்கிறது. முதல் உலகப்போரின்போது, 1915 வாக்கில், ஸ்வீடன் நடுநிலையை விட்டுவிட்டு ஜெர்மனி பக்கம் சேர வேண்டும் என்று வாதிட்டவர்களை அப்படி அழைத்தார்கள். பெல்ஜியத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்த, டச்சு மொழி பேசும் ஃப்ளெமிஷ் தேசியவாதிகளுக்கும் அதே பெயர்தான். போருக்கு எதிராகத் தெருவில் இறங்குபவரை இன்று ஆக்டிவிஸ்ட் என்கிறோம். அன்றைய ஸ்வீடனில் அது போருக்குப் போகச் சொன்னவர்களின் பெயர்!

ஊர்வசியின் அரசியல் தொடங்கியதும் போர் எதிர்ப்பில்தான். 1958-ல் டெல்லியில் பிறந்தவர். அப்பா இந்தி எழுத்தாளர் கிருஷ்ண பல்தேவ் வைத், அம்மா கவிஞரும் ஓவியருமான சம்பா வைத். அப்பாவுக்கு நியூயார்க் மாநிலத்தின் போட்ஸ்டாம் என்ற சிற்றூரில் பேராசிரியர் வேலை கிடைக்க, 1966-ல் குடும்பம் அங்கே போனது. பதினொரு வயதில் வியட்நாம் போரை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தார். 1972 அதிபர் தேர்தலில், போரை நிறுத்துவேன் என்று நின்ற ஜார்ஜ் மெக்கவர்னை ஆதரித்துப் பேசினார். ஓட்டுப் போடும் வயதுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. மெக்கவர்ன் படுதோல்வி அடைந்தார். அந்தச் சிறுமிக்கு அரசியல் விட்டுப்போகவில்லை.

இந்தத் தொடக்கம் அவருடைய பிற்கால வேலை முழுவதிலும் தெரிகிறது என்பது என் கணிப்பு. தன்னைப் போன்றவர்களின் துயரத்திலிருந்து அரசியலுக்கு வருபவர்கள் உண்டு. இவர் எங்கோ தொலைவில் குண்டு விழுந்த மக்களுக்காக நடந்து பழகியவர். அதனால்தானோ என்னவோ, சட்டம் படித்து முடித்ததும் சிறைவாசிகளின் உரிமைக்காக வழக்காடும் அமைப்பில் சேர்ந்தார், சிறைகளில் எச்.ஐ.வி. தொற்றோடு இருந்தவர்களின் பிரச்சினையை 1984-லேயே கையில் எடுத்தார். 1989-ல், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான அமைப்பான தேசிய கே, லெஸ்பியன் பணிக்குழுவின் செயல் இயக்குநரானார். மறு ஆண்டு மார்ச்சில் அதிபர் ஜார்ஜ் புஷ் எய்ட்ஸ் பற்றி உரையாற்றிய அரங்கில், பேச்சுக்குச் செலவில்லை, எய்ட்ஸுக்கு நிதி ஒதுக்கத்தான் செலவாகும் என்ற பொருளில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். அவரை வெளியேற்றினார்கள். திருமண உரிமையும் சட்டச் சலுகையும் கிடைத்துவிட்டால் போதுமா, ஏழைகளும் கறுப்பினத்தவரும் பெண்களும் எங்கே போவார்கள் என்று தன் இயக்கத்தாரையே அவர் பிற்பாடு குடைந்துகொண்டிருந்தார்.

சரி, இவருக்கு எந்தச் சொல்?

‘ஆர்வலர்’ பழைய, அழகான சொல். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் அது அன்புடையவரைக் குறிக்கிறது. இன்று பறவை ஆர்வலர், ரயில் ஆர்வலர் என்று நாட்டம் உள்ள எவரையும் குறிக்கும். ஊர்வலத்தில் நடந்த பதினொரு வயதுச் சிறுமிக்கு வேண்டுமானால் பொருந்தும். நிதி திரட்டி, அமைப்பு கட்டி, வழக்கு நடத்தி, அடுத்த தலைமுறைக்குப் பயிற்சிக்கான மாநாடு தொடங்கியவரை ஆர்வலர் என்பது உழைப்பைப் பொழுதுபோக்காகச் சுருக்குவது.

‘போராளி’ இலங்கைத் தமிழில் ஆயுதம் ஏந்தியவரைக் குறித்த சொல். இங்கே அரசியல் மேடைகளில் யாருக்கும் சூட்டுகிற பட்டம். ‘தொண்டர்’ ஒரு காலத்தில் சிவனடியார், இப்போது கட்சிக்காரர். ‘களப்பணியாளர்’ கணக்கெடுக்க வீட்டுக்கு வருபவராகவும் இருக்கலாம்.

மிஞ்சுவது செயற்பாட்டாளர். செயல், பாடு, ஆளர் மூன்றும் சேர்ந்தது. செய்வதையே முன்னிறுத்துவதால் லத்தீன் வேருக்கும் நெருக்கம். இலங்கைப் பத்திரிகைகளில் ‘மனித உரிமைச் செயற்பாட்டாளர்’ வெகுகாலமாகவே இயல்பான வழக்கு. ‘இயந்திரத்தின் செயல்பாடு’ என்றும் சொல்வதால் கொஞ்சம் எந்திரவாடை அடிக்கிறது, உண்மைதான். இருந்தாலும் இருப்பதில் இதுவே சரி. ‘செயல்பாட்டாளர்’ என்று எழுதினாலும் குற்றமில்லை. வல்லினம் வரும்போது ‘ல்’ ‘ற்’ ஆவது புணர்ச்சி, அவ்வளவுதான்.

அடைமொழியிலும் கவனம் வேண்டும். ‘ஓரினச்சேர்க்கையாளர்’ இன்னும் செய்திகளில் வருகிறது. ஒருவரின் ஈர்ப்பை, வாழ்க்கையை எல்லாம் படுக்கையறைக்குள் அடைக்கும் சொல் அது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் பாலினம், பாலீர்ப்பு பற்றி எழுதுவதற்கான மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகை மேசைகளில் அதன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஊர்வசிக்கு நான் போடுவது: ‘பெண்ணுரிமை, தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர்’. தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘உரிமைச் செயற்பாட்டாளர்’ என்று குறுக்கிக்கொண்டு, எந்த உரிமை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.