சர்க்கரை இறங்கினால் பயம் ஏன் வருகிறது?

காலையில் வெறும் காபி. பதினோரு மணிக்கு சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும். ஒரு மணி வாக்கில் யாரும் எதுவும் சொல்லாமலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நமக்கு ஏதோ ஆகப்போகிறது என்று தோன்றும். டென்ஷன் என்று சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் அது டென்ஷன்தான், மீதி நேரம்தான் விஷயமே.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது, அதுவும் பெரிதாகச் சேமித்து வைக்காமல் ரத்தத்தில் வரும் குளுக்கோஸை அப்போதைக்கப்போது வாங்கியே. அதனால் 100 மில்லி ரத்தத்தில் குளுக்கோஸ் 70 மில்லிகிராமை ஒட்டி இறங்கும்போதே உடல் உஷாராகி குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பை உடைத்து ரத்தத்துக்கு அனுப்பவைப்பதுதான் இவற்றின் நோக்கம். ஆனால் நாய் துரத்தும்போது சுரப்பதும் இதே அட்ரினலின்தானே! இதயம் வேகமெடுக்கிறது, கை நடுங்குகிறது, கூடவே வியர்க்கிறது. மூளை இதற்கு ஒரு காரணம் தேடுகிறது. நாய் இல்லை, அதனால் ஆபீஸையோ வீட்டுக் கடனையோ பிடித்துக்கொள்கிறது.

சீக்கிரம் செரிக்கும் மாவும் சர்க்கரையும் மட்டும் சாப்பிட்டால் குளுக்கோஸ் சட்டென்று ஏறும், சிலருக்கு அதை இறக்க வரும் இன்சுலின் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிடும், சாப்பிட்ட நாலு மணி நேரத்துக்குள் இந்தப் படபடப்பு வரும். கூடவே பருப்பு, சுண்டல், முட்டை, காய் என்று ஏதாவது இருந்தால் ஏற்றமும் இறக்கமும் மெதுவாகும்.

சரி, அப்படியானால் எல்லாப் பதற்றத்துக்கும் லோ சுகர்தான் காரணமா? இல்லவே இல்லை. 1970களில் அமெரிக்காவில் சோர்வு, பயம், எரிச்சல் எல்லாவற்றுக்கும் இதையே காரணம் சொல்வது ஒரு ஃபேஷனாகி, 1973ல் அங்குள்ள மருத்துவ அமைப்புகளே அறிக்கை விட்டு மறுக்க வேண்டியதாயிற்று. அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் வைத்த விதி இன்றும் போதும்: அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அளந்தால் குளுக்கோஸ் குறைவாக இருக்க வேண்டும், அதை ஏற்றினால் அறிகுறி போக வேண்டும். மூன்றும் பொருந்தவில்லை என்றால் சர்க்கரையின் மேல் பழி போடாதீர்கள். என் சந்தேகம் முதலில் அந்தக் காலை காபி மேல்தான் போகும். கஃபீனும் அட்ரினலினைக் கூட்டும், குடித்ததில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளி என்றால் கதை வேறு. படபடப்பு வந்தால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பதற்றத்துக்காக ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், பெரும்பாலும் வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.