கட்டளையிடும் செல் எங்கே?

230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதை. அதில் 22 கார்கள். சிக்னல் கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது, மேடு பள்ளமும் கிடையாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில், முன்னால் போகும் வண்டியை இடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று மட்டும் ஓட்டுநர்களிடம் சொல்லியிருந்தார்கள். முதலில் எல்லாம் சீராகத்தான் போனது. அப்புறம் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர் இடிக்கக் கூடாதே என்று அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தார். அவருக்கும் பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம். கடைசியில் சில கார்கள் முழுசாகவே நின்றுவிட்டன. தடையே இல்லாத சாலையில் போக்குவரத்து நெரிசல்!

ஜப்பானிய இயற்பியலாளர்கள் செய்த இந்தச் சோதனையின் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. கார்கள் எல்லாம் முன்னோக்கிப் போக, நெரிசல் மட்டும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. முன்பக்கம் ஒரு கார் விடுபட்டுப் போகும், பின்பக்கம் இன்னொன்று வந்து சேரும். உள்ளே இருக்கும் கார்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் நெரிசல் கலையவில்லை. முதலில் வேகம் குறைத்தவரைப் பிடித்துத் திட்டலாம்தான், ஆனால் அதில் நியாயமில்லை. அவர் குறைக்காவிட்டால் வேறொருவர் குறைத்திருப்பார். அந்த நீளத்துக்கு 22 கார்கள் என்பதே தாங்காத எண்ணிக்கை. கார்கள் குறைவாக இருந்திருந்தால் அதே தடுமாற்றம் இரண்டு மூன்று வண்டிகளுக்குள் கரைந்து போயிருக்கும்.

தனித்தனி உறுப்புகளிடம் இல்லாத ஓர் ஒழுங்கு, கூட்டமாகச் சேரும்போது தானாகவே உருவாவதை எமர்ஜென்ஸ் என்றும் தன்னொழுங்கமைவு என்றும் சொல்கிறார்கள். கேட்க அழகான வார்த்தைகள்தான். ஆனால் பல இடங்களில் இவற்றை மந்திரம் போல உச்சரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பது என் குறை. ‘மூளை எப்படிச் சிந்திக்கிறது? அது எமர்ஜென்ஸ்’ என்றால் கேள்விக்குப் பெயர் சூட்டியாயிற்று, பதில் சொன்னதாகாது. எந்த உறுப்பு பக்கத்து உறுப்புக்கு என்ன சொல்கிறது, எவ்வளவு தாமதமாகச் சொல்கிறது என்று காட்டினால்தான் விளக்கம். அப்படி அணு அணுவாக விளக்கப்பட்ட ஓர் உயிரி இருக்கிறது.

டிக்டியோஸ்டீலியம் என்பது மண்ணில் வாழும் ஒரு வகை அமீபா. பாக்டீரியாவைத் தின்று, இரண்டாகப் பிரிந்து, தன் பாட்டுக்குத் தனியாக வாழும். தீனி தீர்ந்துவிட்டால் கதை மாறுகிறது. சிதறிக் கிடந்த செல்கள், சில சமயம் ஒரு லட்சம் வரை, ஒரே இடத்தை நோக்கி ஊர்ந்து வந்து குவிகின்றன. குவியல் ஒரு குட்டி நத்தை போல, ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் எழுந்து வெளிச்சத்தை நோக்கி நகர்கிறது. கடைசியில் ஒரு தண்டும் அதன் உச்சியில் வித்துகள் நிறைந்த உருண்டையும் ஆகிறது. தண்டாக மாறும் செல்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, செத்துப்போகின்றன. மற்றவை வித்துகளாகித் தப்பிக்கின்றன.

கூடும் இடத்தை யார் தீர்மானிப்பது? 1947-இல் ஜான் டைலர் பானர் ஓர் எளிய சோதனை செய்தார். கூடிக்கொண்டிருக்கும் செல்களுக்கு மேலே தண்ணீரை மெதுவாக ஓடவிட்டார். மையத்துக்குக் கீழ்ப்புறம், அதாவது தண்ணீர் போகும் திசையில் இருந்த செல்கள் மையத்தை நோக்கி வந்தன. மேல்புறம் இருந்தவை திசை தெரியாமல் அலைந்தன. ஆக, மையத்திலிருந்து ஏதோ ஒரு ரசாயனம் கரைந்து வருகிறது. அது சைக்ளிக் ஏஎம்பி என்பது 1967-இல் தெரியவந்தது.

இந்த ரசாயனத்தை மையம் மட்டும் அனுப்புவதில்லை என்பதுதான் சுவாரசியம். பசித்த ஒரு செல் அதை உணர்ந்ததும் மூன்று காரியம் செய்கிறது. ரசாயனம் வந்த திசையில் கொஞ்சம் ஊர்கிறது. தானும் அதையே ஒரு மூச்சு வெளியே விடுகிறது. அப்புறம் சில நிமிடங்களுக்கு எதற்கும் செவிசாய்க்காமல் கிடக்கிறது. இந்த மூன்றாவது காரியம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. செல்லுக்கு இடப்பக்கமிருந்து அலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இடப்பக்கம் ஊர ஆரம்பிக்கிறது. அலை தாண்டிப் போனதும் இப்போது வலப்பக்கம்தான் ரசாயனம் அதிகம். செல் இன்னும் விழிப்பாக இருந்தால் திரும்பி வலப்பக்கம் போயிருக்கும், மொத்தத்தில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். அந்நேரம் அது மரத்துப்போயிருப்பதால் திரும்புவதில்லை. அலை வெளிப்பக்கம் பரவுகிறது, செல்கள் உள்பக்கம் வருகின்றன. சுமார் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்த அலை.

இருந்தாலும் முதல் அலையைத் தொடங்கிய ‘தலைமைச் செல்’ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நம்பினார்கள். 1970-இல் எவலின் ஃபாக்ஸ் கெல்லரும் லீ சீகலும் கணிதத்தில் காட்டியது வேறு. எல்லாச் செல்களும் ஒரே மாதிரி இருந்தாலே போதும். அவை ரசாயனத்துக்குப் போதிய அளவு உணர்ச்சியோடு இருந்தால், சீராகப் பரவிக் கிடக்கும் நிலை நிலைக்காது. தற்செயலாக எங்கோ நாலு செல் நெருங்கியிருந்தாலும் அங்கே ரசாயனம் கூடும், கூடினால் இன்னும் செல்கள் வரும். வட்டச் சாலையில் நடந்ததும் இதுதான். கணக்கு வந்த பிறகும் தலைமைச் செல்லைத் தேடும் பழக்கம் லேசில் போகவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பற்றியே கெல்லர் பின்னாளில் தனியாக எழுதினார். இத்தனைக்கும் இந்த அமீபாக்களில் பல நேரம் சுருள் அலைகள் தோன்றுகின்றன. சுருளின் நடுவில் அலையை அனுப்பும் செல் என்று எதுவுமே இல்லை. அலை தன் வாலையே துரத்திக்கொண்டு சுற்றுகிறது.

உயிரே இல்லாத திரவத்திலும் இதே சுருள் வரும். மாஸ்கோவில் போரிஸ் பெலூசோவ் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் ஆகியவற்றைக் கலந்து பார்த்தார். கரைசல் மஞ்சளானது, நிறமிழந்தது, மறுபடி மஞ்சளானது. அப்படியே மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தது. கட்டுரை எழுதி அனுப்பினால், நடக்கவே முடியாத விஷயம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேதிவினை சமநிலையை நோக்கி ஒரே திசையில்தான் போகும், பின்னே வராது என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான், இங்கே பொருந்தாது என்பதுதான் கோளாறு. மொத்த வினை ஒரே திசையில்தான் போகிறது, எரிபொருள் குறைந்துகொண்டேதான் வருகிறது. ஆடுவது இடையில் தோன்றி மறையும் சில பொருள்கள் மட்டுமே. எரிபொருள் தீர்ந்தால் ஆட்டமும் நின்றுவிடும். பெலூசோவ் ஒரு சின்னக் குறிப்பாக 1959-இல் இதை ஒரு தொகுப்பில் வெளியிட்டதோடு சரி. பிறகு அனடோல் ஜபோட்டின்ஸ்கி வேலையைத் தொடர்ந்தார். மெல்லிய படலமாக ஊற்றினால் அலைகள் பரவுவதை 1970-இல் அவரும் ஜைக்கினும் காட்டினார்கள். அதே ஆண்டு பெலூசோவ் இறந்துபோனார். 1980-இல் லெனின் பரிசு அவர் பெயருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

பாத்திரத்தில் இருப்பது புரோமின் சேர்மங்கள், மண்ணில் இருப்பது அமீபா. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பொருளும் இல்லை. ஆனால் நடத்தை ஒன்றுதான்: தூண்டினால் பொங்கு, பக்கத்தில் கடத்து, அப்புறம் ஓய்வெடு. இதயத் தசையும் இந்த வகைதான். அதில் சுருள் அலை மாட்டிக்கொண்டு துண்டு துண்டாக உடைந்தால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அப்போது கொடுக்கப்படும் மின் அதிர்ச்சி பெரும்பாலான செல்களை ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குத் தள்ளுகிறது. பரவ இடமில்லாமல் சுருள் அணைந்துவிடுகிறது.

இதுவரை சொன்னவை நகரும் கோலங்கள். நிலையாக நிற்கும் கோலங்களுக்கு வழிகாட்டியவர் ஆலன் டூரிங். ஒரு பொருள் பரவினால் எங்கும் சமமாகிவிடும் என்பதுதான் வழக்கம். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பாதித்தபடி வெவ்வேறு வேகத்தில் பரவினால், பரவலே புள்ளிகளையும் பட்டைகளையும் உண்டாக்கலாம் என்று 1952-இல் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். தன்னையே பெருக்கிக்கொள்ளும் பொருள் மெதுவாகப் பரவ, அதை அடக்கும் பொருள் வேகமாக ஓட வேண்டும். ஒரு புள்ளி வளரும்போதே தன்னைச் சுற்றி இன்னொரு புள்ளி முளைக்காதபடி பார்த்துக்கொள்ளும். 1995-இல் கோண்டோவும் அசாயும் கடல் ஏஞ்சல் மீன்களைக் கவனித்தார்கள். குஞ்சு மீன் வளர்ந்து உடல் இரட்டிப்பானபோது பட்டைகள் அகலமாகவில்லை. பழைய பட்டைகளுக்கு நடுவே புதுப் பட்டைகள் முளைத்து, இடைவெளி முன்பு இருந்த அளவுக்கே திரும்பியது. டூரிங்கின் கணக்கு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கோலம் ஒரே மாதிரி இருந்தால் காரணமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. 1900-இல் ஆன்ரி பெனார் மெல்லிய திரவப் படலத்தை அடியிலிருந்து சூடாக்கியபோது தேன்கூடு போல அறுகோணங்கள் தோன்றின. சூடான திரவம் லேசாகி மேலே எழுவதால் இப்படி ஆகிறது என்று 1916-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி அருமையான கோட்பாடு ஒன்று எழுதினார். கோட்பாட்டில் பிழையில்லை. ஆனால் பெனார் பார்த்த அறுகோணங்களுக்கு முக்கியக் காரணம் பரப்பு இழுவிசை என்று 1950-களில்தான் புரிந்தது. அவ்வளவு மெல்லிய படலத்தில் ரேலியின் விசைக்கு வேலை குறைவு.

பழ ஈயின் கருவில் இதைவிடப் பெரிய பொறி காத்திருந்தது. முட்டை இட்ட சில மணி நேரத்தில் கருவின் குறுக்கே ‘ஈவன்-ஸ்கிப்டு’ என்ற மரபணு ஏழு பட்டைகளாக, அளவெடுத்த மாதிரி, இயங்குகிறது. பார்த்தால் டூரிங் பட்டை என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆராய்ந்தபோது அப்படி இல்லை. அந்த மரபணுவின் அருகே தனித்தனி டிஎன்ஏ சுவிட்சுகள் இருக்கின்றன. இரண்டாவது பட்டைக்கு ஒன்று, மூன்றுக்கும் ஏழுக்கும் சேர்த்து இன்னொன்று என்று. இரண்டாவது பட்டையின் சுவிட்சை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு மரபணுவோடு ஒட்டினால், இரண்டாவது பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்த மரபணு இயங்குகிறது. பைகாய்டு, ஹஞ்ச்பேக் என்ற இரண்டு புரதங்கள் அந்தச் சுவிட்சைப் போடுகின்றன, ஜயன்ட், குரூப்பல் என்ற இரண்டு அணைக்கின்றன. டூரிங் வகைப் பட்டைகள் இப்படி நடந்துகொள்வதில்லை. வரிக்குதிரை மீனில் பட்டைகளின் நிறச் செல்களை லேசரால் அழித்தால், திரும்ப வளரும் பட்டைகள் பழைய திசையை மறந்து வளைந்து நெளிந்து வருகின்றன. எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. ஈயின் பட்டைகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. பைகாய்டுக்கான ஆர்என்ஏவை முட்டையின் ஒரு முனையில் வைத்து, தலை எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிடுவது தாய் ஈதான்.