டாஸ்க்பார் விட்டுப்போகும் தழும்பு

என் பழைய போனில் வெள்ளையான பக்கம் ஒன்றைத் திறந்தால் கீழ்ப்பகுதியில் கீபோர்டின் தடம் மங்கலாகத் தெரியும். "ஸ்கிரீன் எரிஞ்சுபோச்சு சார்" என்றார் ரிப்பேர் கடைக்காரர். பர்ன்-இன் என்ற பெயரும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே எதுவும் எரியவில்லை. திரையின் அந்தப் பகுதி மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் கிழடு தட்டிவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகைத் திரை அது. அதே வகை இப்போது மானிட்டராக மேசைக்கு வந்திருக்கிறது. கீபோர்டின் இடத்தில் டாஸ்க்பார் நிற்கிறது.

எல்சிடி மானிட்டரில் விளக்கு பின்னால் இருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகங்கள் கதவு மாதிரி திறந்து மூடும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். இருட்டறையில் படம் பார்க்கும்போது கருப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். ஓலெட்டில் கதவே கிடையாது. 4கே திரை என்றால் சுமார் 83 லட்சம் பிக்சல்கள், ஒவ்வொன்றும் தானே எரியும் விளக்கு. கருப்பு வேண்டுமென்றால் அணைத்துவிடலாம். ஓலெட்டின் அழகு, நோய் இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

1987-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு வேதியியலாளர்கள், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கரிமப் படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் நல்ல பிரகாசமான ஒளியை வரவழைத்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான் வரும், மறுபக்கத்திலிருந்து துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம், வரும். இரண்டும் சந்திக்கும் மூலக்கூறு கிளர்ச்சி அடையும், அடங்கும்போது ஒளி விடும். இதில் ஒரு வில்லங்கம். சாதாரண ஒளிரும் பொருளில் இப்படி நடக்கும் சந்திப்புகளில் நான்கில் ஒன்றுதான் நேரடியாக ஒளியாகும், மற்றவை பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். இரிடியம் கலந்த சேர்மங்கள் வந்தபின் சிவப்பும் பச்சையும் இந்தச் சிக்கலைத் தாண்டிவிட்டன. நீலம்தான் மாட்டிக்கொண்டது. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். கிளர்ச்சி அடைந்த இரண்டு மூலக்கூறுகள் அருகருகே வந்து ஆற்றலைச் சேர்த்துக்கொண்டால் வேதிப் பிணைப்பே உடையும் அளவுக்குப் போகும். உடைந்த மூலக்கூறு மறுபடி ஒளிராது.

எல்லாப் பிக்சலும் ஒரே வேகத்தில் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. திரை கொஞ்சம் மங்கியிருக்கும், பிரைட்னஸை ஏற்றிக்கொள்வோம். பிரச்சினை பக்கத்து வீட்டோடு ஒப்பிடும்போதுதான் வருகிறது. டாஸ்க்பாரின் வெளிர் ஐகான் நாள் முழுக்க எரிகிறது, அதற்கு மேலே உள்ள இடம் மாறி மாறி எரிகிறது. நம் கண் மொத்த வெளிச்சத்தைச் சரியாக எடை போடாது, ஆனால் ஓரங்களை விடாது. சில சதவீத வித்தியாசம் நேர்க்கோடாக நின்றால் போதும், பிடித்துவிடும்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் மருந்து சுவாரசியமானது. மானிட்டரைச் சில மணி நேரம் பயன்படுத்திவிட்டு அணைத்ததும், அது ஸ்டாண்ட்பையில் இருந்தபடி பிக்சல்களின் மின் நிலையை அளந்து, தளர்ந்தவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் ஒதுக்கும். பிக்சல் ரெஃப்ரெஷ் என்று மெனுவில் இருப்பது இதுதான். போன இளமை இதில் திரும்புவதில்லை, கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறோம். அதற்கும் மின்சாரம் வேண்டும். தூங்கப்போகும் முன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் பழகிப்போன ஒழுக்கம். ஓலெட் மானிட்டருக்கு மட்டும் அது ஆகாது.

சரி, ஆழ்ந்த இருட்டையும் பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஒரே படத்தில் காட்டும் எச்டிஆருக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் "1000 நிட்" என்று பெரிதாகப் போடுவதால் (நிட் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) எச்டிஆர் என்றால் கண்ணைக் கூசவைப்பது என்ற எண்ணம் பரவிவிட்டது. 2014-ல் வெளியான எஸ்டி 2084 என்ற தரநிலையைப் பார்த்தால் வேறு கதை தெரியும். எந்த எண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் அதன் வளைவு, பிக்யூ எனப்படுவது, 10,000 நிட் வரை போகிறது. ஆனால் 10 பிட்டில் கிடைக்கும் 1,024 படிகளில் ஏறக்குறைய பாதியை 100 நிட்டுக்குக் கீழேயே செலவழிக்கிறது. இருட்டறையில் ஏற்றிய மெழுகுவர்த்தி கண்ணை இழுக்கும், பட்டப்பகலில் ஏற்றினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். கண் கூட்டலை அல்ல, விகிதத்தைப் பார்க்கிறது. வளைவு அந்தக் கண்ணுக்காக வரைந்தது.

ஆக, மேலே எவ்வளவு என்பதோடு கீழே எவ்வளவு என்பதும் முக்கியம். திரைகளுக்குத் தரநிலை வகுக்கும் வெசா அமைப்பு 2017-ல் டிஸ்ப்ளே எச்டிஆர் சான்றிதழைக் கொண்டுவந்தபோது, 400 என்ற அடிநிலைக்கு பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதிகூடத் தேவைப்படவில்லை. என் கணக்கில் அது எச்டிஆர் ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண மானிட்டர். 2019-ல் வந்த ட்ரூ பிளாக் பிரிவு கருப்பு 0.0005 நிட்டைத் தாண்டக் கூடாது என்றது. ஓலெட்டுக்கு அது இடது கை வேலை. 400 என்ற எண் இரண்டு ஸ்டிக்கரிலும் இருக்கும். திரைகள் மலையும் மடுவும்.

மேல் எல்லையில் ஓலெட் தடுமாறும். 2022-ல் வந்த முதல் கியூடி-ஓலெட் (குவாண்டம் டாட் சேர்த்த ஓலெட்) மானிட்டர்கள் 1000 நிட்டைத் தொட்டது திரையில் சுமார் 3 சதவீத இடத்தில் மட்டும். முழுத்திரையும் வெள்ளையானால் 250 நிட் அளவுக்கு இறங்கிவிடும், இல்லாவிட்டால் மின்சாரமும் சூடும் கட்டுக்கடங்காது. எக்செல் ஷீட்டைப் பெரிதாக்கியதும் திரை மங்குவது இதனால்தான், பழுது இல்லை.

எச்டிஆர் படம் பார்த்தால் திரை சீக்கிரம் கெடும் என்று பயப்படுகிறார்கள். படத்தில் பளிச்சென்று வரும் வாள் முனையும் தெருவிளக்கும் சில நொடிகளில் இடம் மாறிவிடும். எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் எக்செல் கட்டங்கள்தான் தழும்பு போடும். பிரகாசத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும் என்பதால், வேலை நேரத்தில் பிரைட்னஸைக் குறைப்பது நல்ல லாபம். டாஸ்க்பாரையும் ஒளித்துவைக்கலாம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் டேண்டம் ஓலெட். ஒளிரும் அடுக்குகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், அதே வெளிச்சத்துக்கு ஒவ்வொன்றும் பாதி உழைத்தால் போதும். 2024-ல் வந்த ஐபேட் ப்ரோ இப்படித்தான் முழுத்திரையிலும் 1000 நிட் தருகிறது. மேசை மானிட்டர்களிலும் அடுக்குகள் கூடிக்கொண்டே போகின்றன, விலையும்தான்.