கோப்பி என்னும் சொல்

மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை "கொப்பி முடிஞ்சு போச்சு" என்றால், எழுதுவதற்குத் தாள் இல்லை என்று பொருள். அதே வீட்டில் அம்மம்மா "கோப்பி முடிஞ்சு போச்சு" என்றால், நாளைக் காலைக்குள் தூள் இடித்தாக வேண்டும் என்று பொருள். தமிழ்நாட்டார் நகலையும் பானத்தையும் காப்பி என்ற ஒரே வடிவத்தால் சுட்ட, நாம் ஒரு குறிலாலும் நெடிலாலும் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். கொப்பி ஆங்கிலத்திலிருந்து வந்தது. கோப்பியோ அதற்கு முந்திய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தது என்பதே என் முடிவு.

சொல்லின் வேர் அரபு. அம்மொழியில் கொட்டைக்குப் பெயர் 'புன்', அதை அவித்து வடித்த பானத்துக்குப் பெயர் 'கஹ்வா'. 'கஹ்வா' முன்னர் மதுவைக் குறித்தது என்றும், பசியை மந்தப்படுத்துவது என்ற கருத்திலிருந்து பிறந்தது என்றும் பழைய அரபு அகராதிக்காரர் விளக்குவர். எத்தியோப்பியாவின் கஃபா நாட்டோடு அதை இணைப்பாரும் உண்டு. ஆனால் எத்தியோப்பியாவின் அம்ஹாரிய மொழியில் கோப்பிக்கு 'புன்னா' என்றே பெயர் வழங்குவதால், எனக்கு அந்த இணைப்பில் நம்பிக்கை குறைவு. கஹ்வா துருக்கியில் 'கஹ்வே' ஆகி, ஒல்லாந்தர் வாயில் 'கொஃபி' ஆயிற்று. அவர்கள் ஆண்ட யாவாவிலும் மலாய் நாட்டிலும் அது 'கோப்பி' என்றே நிலைத்தது, சிங்களத்திலும் 'கோப்பி'தான். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தான் அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' என்ற சொல்லையும் நமக்கு விட்டுச் சென்றனர்.

இலங்கையில் செடி அதற்கு முன்பே இருந்தது. மலைநாட்டுச் சிங்கள மக்கள் அதன் தளிரைக் கறிக்கும் பூவை விகாரைக்கும் பயன்படுத்தினார்களேயன்றிக் கொட்டையை வறுத்துக் குடிக்கவில்லை. ஒல்லாந்தர் 1740 அளவில் அதைப் பயிரிட்டுப் பார்த்தனர். ஆயினும் அவர்கள் கையிலிருந்தது கரையோரத் தாழ்நிலம். கோப்பிக்கு உகந்த மலைகளோ கண்டி அரசரிடம் இருந்தன. 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு, 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில், கம்பளைப் பக்கத்தில் ஆங்கிலேயர் தோட்டங்களைத் திறந்தனர். காடு வெட்டவும் பழம் பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாகச் சென்றார்கள்; வழியிலேயே பலர் மாண்டார்கள். 'கோப்பிக் காலம்' என்று மலையகத்தார் இன்றும் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் அந்த நடையும் அடங்கியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1869இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற தமிழ் நூல் அச்சேறியது. இச்சொல் அப்போதே இவ்வடிவில் நம் எழுத்தில் நிலைபெற்றிருந்தமைக்கு அத்தலைப்பே சான்று. அதே ஆண்டில்தான் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாய்ப் படரும் இலைத்துரு நோயும் இலங்கைத் தோட்டங்களில் கண்டறியப்பட்டது. 1870களில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரந்திருந்த பயிர் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அழிந்தது. அந்நிலங்களில் தேயிலை ஏறியது.

நோய்க்கு ஈடுகொடுக்கும் ரொபஸ்டா இனம் பின்னர் வந்து, வீட்டுத் தோட்டங்களில் நிலைத்தது. குளிர்ந்த உயரத்தில் விளையும் அராபிக்கா இனத்தின் மெல்லிய புளிப்பும் நறுமணமும் அதற்கு இல்லை. கசப்பும் கனமுமே அதன் குணம். நம் வீட்டுக் கோப்பியின் சுவை இந்தக் கசப்பை ஏற்றுக்கொண்டு அமைந்தது. அம்மம்மா மண்சட்டியில் கொட்டையை மெல்லிய நெருப்பில் கிண்டுவார். அது கறுத்து வெடிக்கத் தொடங்கும்போது மல்லியையும் வேர்க்கொம்பையும் (சுக்கையும்) சேர்த்து இறக்கி, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைப்பார். கொதிநீரில் தூளைப் போட்டு மண்டி அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து, சீனி கூட்டிப் பால் இல்லாமல் குடிப்போம். வடிகட்டியில் இறக்கிப் பாலோடு கலக்கும் தமிழ்நாட்டுக் காப்பி வேறொரு பானம். ஆகவே வேறொரு பெயர் அதற்குத் தகும்.

தனித்தமிழ் அன்பர்கள் 'கொட்டை வடிநீர்' என்றும் 'குளம்பி' என்றும் இரண்டு பெயர்கள் தந்துள்ளனர். முன்னது செய்முறையைச் சொல்கிறதேயன்றி எந்தக் கொட்டை என்று சொல்லவில்லை. குளம்பி அழகான ஆக்கம்: கொட்டையைத் தட்டையான பக்கம் மேலே வரும்படி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், நடுவே ஓடும் பிளவு மாட்டின் குளம்பையே காட்டும். செடியையும் வித்தையும் பற்றி எழுதுகிறவர்கள் அதனைத் தயங்காமல் ஆளலாம். பானத்துக்கோ, நம்மவர் வாயில் கோப்பிக்கொட்டை, கோப்பித்தூள், மல்லிக்கோப்பி என்று தமிழ்ப் புணர்ச்சியோடு கிளைத்துவிட்ட சொல்லை விலக்க நான் விரும்பவில்லை. தேநீரிலும் தேத்தண்ணீரிலும் உள்ள 'தே' சீனத்திலிருந்து வந்ததாக இருந்தும் நாம் அதை விலக்கவில்லையே. நான் வருந்துவது, அண்மைக் காலமாக மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் கடைப்பலகைகளில் 'காஃபி' என்று எழுதப்படுவதைக் காணும்போதுதான். அங்கே நெடில் மாறிவிடுகிறது, ஆய்த எழுத்தும் நுழைந்துவிடுகிறது. உள்ளே போய் ஒரு கோப்பி கேட்டால், பால் கலந்த குவளையொன்று வருகிறது.