கண்டத்திட்டு அல்ல, கண்டத்திண்ணை

நெல்லைக் கடற்கரையில் உவரியை ஒட்டிய ஓர் ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் கடலடி நில அமைப்பு. "கண்டத்தை ஒட்டி, கடல்நீரில் மூழ்கி, மெல்லச் சரிந்து கிடக்கும் ஆழம் குறைந்த பகுதி கண்டத்திட்டு" என்று சொன்னேன். முன்வரிசைப் பெண் கேட்டாள்: "திட்டுன்னா தண்ணிக்கு மேல தெரியணும்லா டீச்சர்? முங்கிக் கெடந்தா அது எப்படித் திட்டு?" அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கிறது. வருடா வருடம் நானும் "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்று கடந்துபோகிறேன். இந்தத் தடவை மனசு கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் இதற்குக் காண்டினென்டல் ஷெல்ஃப் என்று பெயர். முதல் பாதி இலத்தீனில் இருந்து வந்தது. விட்டுப்போகாமல் தொடர்ந்து கிடக்கும் நிலம் என்று பொருள். நம் கண்டம் வடமொழி வழி வந்தது, துண்டு என்று பொருள். கண்டதுண்டமாக வெட்டினான் என்கிறோமே, அதே கண்டம்தான். அவர்கள் தொடர்ச்சியைப் பார்த்தார்கள், நாம் துண்டைப் பார்த்தோம். இரண்டும் சரி. வடசொல் என்பதற்காகக் கண்டத்தை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்குப் புரிகிறது, இருக்கட்டும்.

ஷெல்ஃப்தான் சிக்கல். சுவரில் சாமான் வைக்கும் பலகை என்பது அதன் வழக்கமான பொருள். பழைய மாலுமிகள் பேச்சில் மணல்மேட்டுக்கும் நீரடிப் பாறைக்கும் அதே சொல் உண்டு. யாரோ அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் திட்டு என்று போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திட்டு என்றால் தமிழனுக்கு என்ன தோன்றும்? தாமிரபரணியில் தண்ணீர் குறையும்போது நடு ஆற்றில் தலைகாட்டும் மணல். தனுஷ்கோடிக்கு அப்பால் ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணிச் சொல்கிறார்களே, அவை. இலங்கையில் இருந்து வரும் ஏதிலிகளைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போவதாகச் செய்தியில் வருவதும் அந்தத் திட்டுகளில்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்க முடிகிற இடம் அது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் தனியாக ஒரு மேடு. இதுதான் திட்டின் உயிர். காண்டினென்டல் ஷெல்ஃபோ தண்ணீருக்குள் கிடக்கிறது, தனியாகவும் இல்லை. கரையோடு ஒட்டிச் சராசரியாக 65 கிலோமீட்டர் அகலத்துக்குப் போகிறது. விளிம்பில் ஆழம் சுமார் 130 மீட்டர். இரு கையையும் விரித்து அளக்கும் கடல்காரர் கணக்கில் 70 பாகம். ஒரு சொல்லின் இரண்டு அடையாளமும் பொருந்தவில்லை என்றால் அதை எப்படி வைத்துக்கொள்வது?

ஆழ்கடலில் இருந்து பார்த்தால் மேடுதானே என்று ஒரு நண்பர் வாதாடினார். அப்படிப் பார்த்தால் நாம் குடியிருக்கும் நிலமும் மேடுதான், அதையும் திட்டு என்போமா? கடலுக்கடியில் தனித்து நிற்கும் எரிமலைகள் உண்டு, அவற்றுக்காவது திட்டு பாதி பொருந்தும்.

இன்னொரு கூட்டம் கண்டத்தட்டு என்கிறது. அலமாரித் தட்டு என்று வீட்டில் புழங்குகிற சொல்தான், தனியாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் நிலநடுக்கம் வந்தால் செய்தி வாசிப்பவர் "இந்தியக் கண்டத்தட்டு நகர்ந்தது" என்கிறார். அதுவும் பிழை. நகர்வது கண்டம் மட்டுமில்லை, அதோடு ஒட்டிய கடலடியும் சேர்ந்துதான். பசிபிக் தட்டு கிட்டத்தட்ட முழுக்கக் கடலடியே, அதில் கண்டம் எங்கே இருக்கிறது? நகரும் அந்தப் பூமி மேலோட்டுப் பாளத்துக்குப் புவித்தட்டு என்ற நல்ல சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு? திட்டுக்கும் தட்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். பரீட்சையில் பிள்ளைகள் மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

நான் சொல்லும் சொல் கண்டத்திண்ணை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவில் இருந்து படியேறினால் திண்ணை, அப்புறம் தார்சா என்கிற முன்கூடம். திண்ணை வாசலுக்கு வெளியே இருக்கிறது, ஆனாலும் வீட்டோடு சேர்ந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ திண்ணைகள் முங்கின. அதனால் அவை ஆற்றுக்குச் சொந்தமாகிவிட்டனவா? கடலிலும் இதே கதைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தத் திண்ணையில் பெரும்பகுதி காய்ந்த தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகியது, தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான்.

கல்லும் இதையே சொல்கிறது. ஆழ்கடலின் அடி கறுத்துக் கனத்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறை, பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்குள் பிறந்தது. கண்டம் அதைவிட எடை குறைந்த கிரானைட் வகைப் பாறை. சில இடங்களில் 400 கோடி ஆண்டுப் பழமை. பூமி பிறந்து 454 கோடி ஆண்டு ஆகிறது. தொடக்கத்தில் பசால்ட் போன்ற மேலோடுதான் இருந்தது. நீர் ஊறிய அந்தப் பாறை மறுபடி உருகி, அதில் பிரிந்த இலேசான பகுதி சேர்ந்து சேர்ந்துதான் கண்டங்கள் திரண்டன. திண்ணைக்கு அடியில் இருப்பது இந்தக் கண்டத்துப் பாறையே. 1982ஆம் ஆண்டின் கடல்சட்ட உடன்படிக்கையும் அதை ஒரு நாட்டு நிலத்தின் இயற்கையான நீட்சி என்றுதான் வரையறுக்கிறது. திட்டு என்ற சொல்லில் இந்த உறவே அறுந்துபோகிறது.

அகராதியை மட்டும் விரித்துவைத்துச் சொல் செய்வதால் வரும் வினை இது. முத்து விளையும் நீரடிப் பாறைக்கு நம் கடற்கரையில் காலங்காலமாக "பார்" என்று பெயர். கடலடிக்குப் பெயர் வைத்துப் பழகிய அந்த மனிதர்களிடம் மொழிபெயர்ப்பாளர் ஒருநாள் போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

திண்ணையைத் தாண்டிக் கீழே இறங்குவதைக் கண்டச்சரிவு என்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. சரிவின் காலடியில் வண்டல் குவிந்து கிடக்கும் இடத்துக்குக் கண்ட உயர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எது உயர்ந்தது என்று எந்தப் பிள்ளைக்கும் விளங்காது. சரிவடி வண்டல் என்று எழுதிப்போட்டேன், ஒருவரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை.