கையெழுத்துப் போட்ட பிறகு வந்து கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி வந்தார். திருச்சிப் பக்கம் சொந்த ஊர், எம்.சி.ஏ. படித்தவர். கிரீன் கார்டோடு அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து ஆறு வருடமாகச் சமையல் பிரிவில் இருக்கிறார், இப்போது சார்ஜன்ட். வேறு யூனிட்காரர்தான், நான் தமிழ் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்திருக்கிறார். "அண்ணா, மறுபடி நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஐ.டி. படிப்புக்கு எப்போ அனுப்புவாங்க?"

ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். 2ஆம் ஆப்ஷன், அதாவது இருக்கும் முகாமிலேயே 12 மாதம் வைத்திருப்பார்கள். படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "முதல்ல கையெழுத்துப் போடு, அப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னாங்களே" என்றார். கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்களாம். இந்த வருடம் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படையில் கேரியர் கவுன்சிலர். படையில் இருப்பவர்களின் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் வேலை என்னுடையது. புதிதாக ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் வேறு, நாங்கள் வேறு. இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது அந்த "அப்புறம் மாத்திக்கலாம்" விஷயத்துக்கு வருகிறேன். படையில் ஒவ்வொரு வேலைக்கும் எம்.ஓ.எஸ். என்று ஒரு எண் உண்டு. 92 ஜி சமையல், 11 பி காலாட்படை, 68 டபிள்யூ மருத்துவ உதவி, 25 பி ஐ.டி. இந்த எண்ணை மாற்றிக்கொண்டே மறு ஒப்பந்தம் போட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, 3ஆம் ஆப்ஷன். அதில் முதலில் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு உங்கள் பெயரில் பயிற்சிப் பள்ளியில் ஒரு இடமும் தொடங்கும் தேதியும் பதிவு செய்வோம். அந்தத் தேதி ஒப்பந்தத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், நீங்கள் கையில் வைத்திருந்த ஒரே பிடியை நீங்களே விட்டுவிட்டதாகத்தான் அர்த்தம்.

டி.டி. 4 ஒப்பந்தப் படிவத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இதிலும் இணைப்புகளிலும் எழுதியிருப்பதைத் தவிர வேறு யார் எதை வாக்களித்திருந்தாலும் அது செல்லாது, நிறைவேற்றப்படாது என்று. சுற்றிவளைக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார்கள். கார் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது வட்டி எத்தனை என்று பத்து முறை கேட்கிறோம். நாலு வருட வாழ்க்கையை எழுதிக்கொடுக்கும்போது மட்டும் ஏன் படித்துப் பார்ப்பதில்லை?

இன்னொன்று. "இத்தனை வருஷம் உழைச்சிருக்கேன், கேட்டதைத் தர மாட்டாங்களா?" என்பார்கள். உழைப்புக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை மாற்றத்தை முடிவு செய்வது ஆள் கணக்கு. நீங்கள் இருக்கும் வேலையிலிருந்து ஆளை விட முடியுமா, போகும் வேலையில் ஆளை எடுக்க முடியுமா என்று இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள், அதையும் பதவிவாரியாகப் பார்க்கிறார்கள். ஒரு வேலையில் சார்ஜன்ட்டுக்குக் கீழ்ப் பதவியான ஸ்பெஷலிஸ்ட்டுகள் பற்றாக்குறையாக இருப்பார்கள், அதே வேலையில் சார்ஜன்ட்டுக்கு மேல் பதவியான ஸ்டாஃப் சார்ஜன்ட்டுகள் நிரம்பி வழிவார்கள். அந்தப் பட்டியலும் அவ்வப்போது மாறும். போன வருடம் நண்பருக்குக் கிடைத்தது என்பதால் இந்த வருடம் உங்களுக்குக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன. கிரீன் கார்டோடு சேர்ந்தால் பாதுகாப்பு கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி, தேவைப்படும் வேலைகள் கிடைக்காது. அதனால்தான் எம்.எஸ். முடித்தவர்கள்கூடச் சமையலிலும் சப்ளையிலும் மெக்கானிக் வேலையிலும் இருக்கிறார்கள். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டம் நடந்த காலத்தில் அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படி வந்தவர்களில் பலரும் இதே இடத்தில்தான் தொடங்கினார்கள். குடியுரிமை வந்ததும் கதவு திறக்கும், உண்மைதான். ஆனால் கிளியரன்ஸ் தானாக வராது. அதற்கான படிவத்தில் வெளிநாட்டு உறவினர்கள், வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் கேட்பார்கள். அப்பா உங்கள் பெயரில் எழுதிவைத்த வீட்டுமனையையும் எழுதுங்கள். மனை இருப்பது தப்பில்லை, மறைத்தால்தான் வினை.

டிகிரியை நம்பி வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படை பார்ப்பது, சேரும்போது எழுதும் அஸ்வாப் என்ற தகுதித் தேர்வின் ஸ்கோரை. பல வேலைகளுக்குக் கேட்கும் ஜி.டி. ஸ்கோரில் ஒரு பகுதி கணக்கு, மறு பகுதி ஆங்கிலச் சொல்லும் வாசிப்பும். நம்மவர்கள் கணக்கில் வெளுத்து வாங்குவார்கள், சொற்களில் சறுக்குவார்கள். அதற்கு பி.எஸ்.இ.பி. என்று முகாமிலேயே வகுப்பு இருக்கிறது. செலவில்லாமல் படித்துவிட்டுத் திரும்பத் தேர்வு எழுதலாம். ஆனால் முந்தைய தேர்விலிருந்து ஆறு மாதம் கழிய வேண்டும். ஒப்பந்தம் முடியும் கடைசி மாதத்தில் வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்?

பத்து வருடத்தைத் தாண்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்டாஃப் சார்ஜன்ட்டும் அதற்கு மேலும் ஆகி, வேண்டிய சர்வீஸும் இருந்தால் ஒப்பந்தம் இன்டெஃபனிட் ஆகிவிடும். முடிவுத் தேதி என்ற ஒன்றே அதில் கிடையாது. அதற்குப் பிறகு மறு ஒப்பந்தம் வராது, 3ஆம் ஆப்ஷனும் வராது. வேலை மாற்றம் கேட்டு 4187 என்ற படிவத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே அதற்கு முந்தைய கையெழுத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதோடு, பதவியோடு புது வேலைக்குப் போகிறவர் அதே பதவியில் பல வருட அனுபவம் உள்ளவர்களோடு அடுத்த புரமோஷனுக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்து போங்கள்.

போனஸ் வாங்கியிருந்தால் மாறும் முன் கேளுங்கள். மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மருத்துவ ஃபைலையும் பாருங்கள், சில வேலைகளுக்கு நிறம் பிரித்தறியும் பார்வை கட்டாயம். பயிற்சியில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய வேலைக்கே திரும்பலாம் என்று உறுதி கிடையாது, படைக்கு எங்கே தேவையோ அங்கே போடுவார்கள்.

வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி 20 வாரத்துக்குக் குறைவு என்றால் பொதுவாகக் குடும்பத்தை இடம் மாற்ற மாட்டார்கள். 68 டபிள்யூ பயிற்சி சான் அன்டோனியோவில் 16 வாரம். அத்தனை நாளும் நீங்கள் பிள்ளைகளோடு தனியாக இருக்க வேண்டும். அதனால் கவுன்சிலரைப் பார்க்க அவர் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். உங்களுக்கும் அங்கே நாற்காலி போடுவார்கள்.

அந்தத் தம்பிக்கு இப்போதைக்கு இருப்பதும் 4187 வழிதான். அவருடைய ஸ்கோரை எடுத்துப் பார்த்தோம். கணக்கு நன்றாக இருக்கிறது, சொற்கள்தான் கீழே இழுக்கின்றன. போன மாதம் குடியுரிமை வந்திருக்கிறது. "முதல்ல ஸ்கோரை ஏத்துங்க, அதுக்குள்ள சமையல் பிரிவில ஆளை விடுறாங்களான்னு நான் மாசா மாசம் பார்க்கிறேன்" என்றேன். பி.எஸ்.இ.பி. வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டதாக நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தார்.